சீரியல் பல்பு: அந்த "சீரியல்" எங்கருந்து வந்துச்சு, தமிழ்ல என்னன்னு சொல்றது

எங்க ரங்கூன்ல பர்மாக்காரங்களோட தடின்ஜூட் பண்டிகை அக்டோபர் பௌர்ணமிக்கு வரும், அதுக்கு அடுத்த அமாவாசைக்கு நம்ம தீபாவளி, அதனால பக்கத்து வீட்டுல தொங்குற லைட்ட அவங்க எறக்குறதுக்குள்ள நம்ம வீட்டுல ஏத்திடுவோம், தெருவே ஒரு மாசம் மினுமினுன்னு இருக்கும். போன வருசம் பால்கனில மாட்டிக்கிட்டு இருந்தப்ப அக்கா பொண்ணு கீழருந்து வயரப் புடிச்சுக்கிட்டே கேட்டா, "மாமா, டீவில வர்றதும் சீரியல், இதுவும் சீரியலா?" அப்படின்னு. நல்ல கேள்வி. அதுக்குப் பதில் தேடப் போயிதான் இத எழுதுறேன்.

ரெண்டும் ஒரே வேர்தான். லத்தீன்ல செரெரேன்னு ஒரு வினைச்சொல், ஒண்ணோட ஒண்ணா சேக்குறது, கோக்குறதுன்னு அர்த்தம், அதுலருந்து சீரீஸ், அதாவது வரிசை. கதைய வாராவாரம் கோத்துக்கிட்டே போனா சீரியல், கரண்ட்ட ஒரு பல்புலருந்து அடுத்த பல்புக்கு, அதுலருந்து அதுக்கடுத்ததுக்குன்னு ஒரே வழியா அனுப்புனா சீரீஸ் கனெக்‌ஷன். எலக்ட்ரிக் வேலை செய்றவங்க சீரீஸ்ம்பாங்க, நாம சீரியல் பல்பு, சீரியல் செட்டுங்கிறோம்.

ஏன் அப்படி ஒரே வழியா கோத்தாங்கன்னா, வீட்டுக்கு வர்ற கரண்ட் 230 வோல்ட், அந்தக் குட்டி பல்பு தாங்குறதோ 6 வோல்ட். நேரா குடுத்தா பட்டுன்னு போயிடும். 38 பல்ப வரிசையா கோத்தா 38 தடவ 6, அதாவது 228, ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக்கும், டிரான்ஸ்பார்மர் வேணாம், செலவு கம்மி. பல்பத் தோரணமா போடுற பழக்கம் பழசு, 1882லயே நியூயார்க்ல எடிசன் கம்பெனில இருந்த எட்வர்ட் ஜான்சன் தன் வீட்டு கிறிஸ்மஸ் மரத்துல 80 கலர் பல்பு மாட்டுனார். அதே வருசம் லண்டன் சவாய் தியேட்டர்ல தேவதை வேசம் போட்டவங்க தலைல குட்டி மின்விளக்கு வெச்சுக்கிட்டு மேடை ஏறுனாங்க. இங்கிலீஷ்காரங்க இன்னிக்கும் இத பேரி லைட்டுன்னுதான் சொல்றாங்க, தேவதை விளக்கு. கேக்க அழகா இருக்கு, ஆனா நம்ம அம்மன் கோயில் கோபுரத்துல கட்டுறதுக்கு அந்தப் பேரு ஒட்டல.

சரி, அந்த வரிசைலதான் தொல்லையும் இருக்கு. ஒரு பல்பு பீஸ் போச்சுன்னா வழி அறுந்துடும், மொத்தமும் அணைஞ்சிடும். எங்க கோயில் செட்டு ஒண்ணு அப்படித்தான் நின்னுச்சு, கோயில் மாமா ஒருத்தர் திண்ணைல உக்காந்து ஒவ்வொரு பல்பா புடுங்கிப் பாத்தார், நான் பக்கத்துல. அந்தப் பல்போட அடில பிளாஸ்டிக் காலு, ரெண்டு பக்கமும் முடி மாதிரி செம்புக் கம்பி மடிச்சு விட்டிருக்கும், எல்லாத்துலயும் அது பளபளன்னு இருக்க பதினேழாவதுல மட்டும் ஒரு பக்கம் பச்ச பூத்துப் போயி தொட்டதும் உதிந்துடுச்சு. பல்பு நல்லாத்தான் இருக்கு, மழைதான் காரணம், இங்க மே மாசம் புடிச்ச மழை அக்டோபர் வரைக்கும் விடாது, அந்த ஈரம் டப்பாக்குள்ளயும் போயிடும். மாமா நல்ல பல்பு ஒண்ணக் கைல வெச்சு மாத்தி மாத்தி செருகிக்கிட்டே வந்தார், அது போதும், மெசின் எதுவும் வேணாம். ஆனா ப்ளக்கக் கழட்டிட்டு பல்ப மாத்தணும், அப்புறம்தான் சொருகிப் பாக்கணும், ஒவ்வொரு தடவையும். ஏன்னா வரிசைல ஒரு எடம் அறுந்துச்சுன்னா மொத்த 230 வோல்ட்டும் அந்தக் காலி ஓட்டைல வந்து நிக்கும், "குட்டி பல்புதானே"ன்னு வெரல விட்டீங்கன்னா ஷாக்கு பெரிய பல்புக்கு அடிக்கிற மாதிரியேதான் அடிக்கும்.

இந்தக் குணத்தையே வெச்சு ஒரு நல்ல ஏற்பாடும் செஞ்சிருக்காங்க. இழை பல்பு செட்டு பலதுல இழைக்குக் கீழ ஒரு மெல்லிசு கம்பி சுத்தி மேல பூச்சு குடுத்திருக்கும், ஷண்ட்டுன்னு சொல்வாங்க, சாதாரணமா அதுல கரண்ட் போகாது, இழை அறுந்ததும் மொத்த வோல்ட்டும் அதுமேல வந்து பூச்சு எரிஞ்சு வழி திறந்துடும், அந்த ஒரு பல்பு மட்டும் இருட்டா இருக்கும், மத்தது எரியும். எரியுதேன்னு விட்டுடாதீங்க. செத்த பல்போட பங்கையும் மத்தது சேத்து சுமக்குது, கொஞ்சம் கூடுதல் வெளிச்சமா தெரியும், சீக்கிரமே அடுத்தது போகும், அதுக்கடுத்தது இன்னும் சீக்கிரம். ஒண்ணு போனதும் அதே வோல்ட் பல்பு வாங்கிப் போட்டுடணும்.

இப்ப வர்றது முக்காவாசி எல்இடி. இங்கதான் "சீரியல்"ங்கிற பேரு தடுமாறுது. ப்ளக்குல நேரா சொருகுற எல்இடி செட்டு இன்னமும் சீரீஸ்தான், ஆனா நூறு பல்ப நாலஞ்சு கூட்டமா பிரிச்சிருப்பாங்க, கால்வாசி மட்டும் அணைஞ்சு கெடந்தா அந்தக் கூட்டத்துக்குள்ள மட்டும் தேடுனா போதும். ஆனா செம்புக் கம்பில பசை முத்து மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கே, யூஎஸ்பிலயும் மூணு பென்சில் பேட்டரிலயும் எரியுறது, அதுல சாதாரணமா சீரீஸே கெடையாது. ரெண்டு கம்பி பக்கத்துல பக்கத்துல ஓடும், ஒவ்வொரு எல்இடியும் நடுவுல குறுக்கா நிக்கும், பள்ளிக்கூடப் புத்தகத்துல பக்க இணைப்புன்னு படிச்சிருப்போமே அது. ஒண்ணு செத்தா மத்ததுக்கு ஒண்ணும் ஆகாது. அப்ப இத சீரியல்னு சொல்றது சரியா? வயரிங்கப் பாத்தா தப்பு.

அதான் என்னோட கருத்து, நமக்கு ரெண்டு தமிழ்ச் சொல்லு வேணும். கனெக்‌ஷனுக்குத் தொடரிணைப்பு, அது ஏற்கனவே பாடப்புத்தகத்துல இருக்கு, அருமையான சொல்லும்கூட, ஏன்னா தொடர்ங்கிறதும் பூத் தொடுக்குற தொடுங்கிறதும் ஒரே குடும்பம், மாலைக்குத் தொடையல்னே ஒரு பழைய பேரு உண்டு. ரோமாபுரிக்காரன் கோக்குறதுக்கு வெச்ச சொல்லும் நம்ம அம்மா மல்லி தொடுக்குற சொல்லும் ஒரே நெனப்புல பொறந்திருக்கு. பொருளுக்கு விளக்குச்சரம். சிலர் தொடர்விளக்குன்னு எழுதுறாங்க, அதுல பழைய சிக்கல் அப்படியே இருக்கு, பக்க இணைப்புல ஓடுறதத் தொடர்ன்னா எலக்ட்ரீசியன் கொழம்புவான். சரவிளக்கும் சொல்லலாம், ஆனா அது கோயில்ல சங்கிலில தொங்குற விளக்குக்கு ஏற்கனவே பேரு. சரம்னா உள்ள எப்படி வயர் ஓடுனாலும் கண்ணுக்கு வரிசையா தொங்குறது, பூச்சரம், முத்துச்சரம், சரவெடி, எல்லாம் நம்ம வாயில பொழங்குற சொல்லு, கிழவிக்கும் கொழந்தைக்கும் விளக்கம் சொல்ல வேணாம்.

பல்புங்கிறதையும் ஒரு வார்த்த சொல்லிடுறேன். அது கிரேக்கத்துல பொல்போஸ், வெங்காயம் மாதிரி கெழங்கு, கண்ணாடி உருண்டையப் பாத்து அந்தப் பேரு வெச்சுட்டாங்க. சிலோன்ல மின்குமிழ்ங்கிறாங்க, நல்லாருக்கு. பர்மாவுல இத மீதீன்னு சொல்வாங்க, கேக்க நம்ம "மீதி" மாதிரியே இருக்கும், மீன்னா நெருப்பு, தீன்னா பழம், நெருப்புப் பழம். சின்ன வயசுல நான் மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன், தீன்னா நமக்கு நெருப்பு இல்லியா. வெள்ளக்காரனுக்கு வெங்காயம், பர்மாக்காரனுக்குப் பழம், நமக்கு நீர்க்குமிழி, ஒரே உருண்டைதான்.

வாங்குறவங்களுக்கு: வெளிய தொங்கவிடணும்னா அட்டைல ஐபி 44ன்னு போட்டிருக்கான்னு பாருங்க (தூசும் தண்ணியும் எவ்வளவு தாங்கும்னு சொல்ற நம்பர்), அதுக்குக் கம்மின்னா மழை ஆகாது. கைப்பிடி உயரத்துல, கொழந்தைங்க தொடுற எடத்துல அடாப்டர் வெச்ச கம்மி வோல்ட் சரம் மட்டும்தான். நூறு இழை பல்பு ஏறக்குறைய 40 வாட் இழுக்கும், நூறு எல்இடி 5, 6 வாட், இங்க கரண்ட் போயி இன்வெர்ட்டர்ல ஓட்டுறப்ப அந்த வித்தியாசம் ராத்திரி முழுக்கத் தெரியும். கரண்ட் போனதும் சரத்தோட ப்ளக்கக் கழட்டிடுங்க, திரும்ப வர்றப்ப வோல்ட் எகிறி வரும், மினுக்குற பொட்டி அதுலதான் போகுது. பண்டிகை முடிஞ்சா பந்தா சுருட்டி எறியாம ஒரு அட்டைல சுத்தி, ஒரு நாள் வெயில்ல காய வெச்சு, பிஸ்கட் டின்ல போட்டு, செருப்பு டப்பால வர்ற அந்த வெள்ள மணிப் பொட்டலம் ரெண்டு போட்டு மூடி வைங்க.

இந்த வருசம் கோயில் சாமான் லிஸ்ட்ட நான்தான் எழுதுனேன். "விளக்குச்சரம் 12, பத்து மீட்டர், அடாப்டரோட"ன்னு எழுதிக் குடுத்தேன். கடைக்காரர் நம்மாளு, படிச்சுப் பாத்துட்டு மேல் தட்டுலருந்து எறக்கிக் குடுத்துட்டு, வெள்ளையா கலரான்னு மட்டும் கேட்டார்.