ஊரடங்கு நாளில் பிள்ளை மேல் விழும் அடி

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது கூலி வேலை நின்றது. பள்ளிக்கூடமும் அங்கே கிடைத்த மதியச் சத்துணவும் அதற்குச் சில நாள் முன்பே நின்றிருந்தன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் பள்ளி திறந்தது. இடைப்பட்ட காலத்தில், “சொன்ன பேச்சே கேக்குறதில்ல, கை நீட்டாம முடியல” என்று ஆலோசனைக்கு வந்த பெற்றோர் பலர். பிள்ளையின் சேட்டையை விசாரிப்பதற்கு முன் அவர்களிடம் கேட்க வேண்டியவை வேறு. வருமானம் எப்போது நின்றது? கடன் எவ்வளவு? ராத்திரி தூக்கம் வருகிறதா?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், 1980களின் விவசாய நெருக்கடியில் நொடித்த குடும்பங்களை சமூக ஆய்வாளர் ராண்ட் காங்கர் குழுவினர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். பணமுடை முதலில் பெற்றோரின் மனதை முடக்குகிறது, பிறகு கணவன் மனைவிக்குள் சண்டையாகிறது, அதன் பிறகே பிள்ளை மேல் கடுமையாக இறங்குகிறது என்று கண்டார்கள். கொரோனா காலத்து வீடுகளிலும் இதே வரிசைதான். “அடிக்காதீங்க” என்று மட்டும் சொல்லி அனுப்புவதால் பெரிதாக எதுவும் மாறாததற்குக் காரணமும் இதுவே.

அடி எப்போது விழுகிறது என்று ஒரு வாரம் காலண்டரில் குறித்து வையுங்கள். பெரும்பாலும் குறிப்பிட்ட சில வேளைகளில்தான் விழும். ஒரே செல்போனை ஆன்லைன் வகுப்புக்கு இரண்டு பிள்ளைகளும், வேலை விசாரிக்க அப்பாவும் இழுக்கும் காலை நேரம். மகளிர் குழுக் கடனுக்கு வசூல் செய்ய ஆள் வரும் நாள். போனை யார் எத்தனை மணிக்கு எடுப்பது என்று எழுதிச் சுவரில் ஒட்டினாலே காலைச் சண்டை பாதி குறையும். வசூல் நாளன்று பிள்ளையைப் பாட்டியிடமோ சித்தியிடமோ விட்டுவையுங்கள். கடன் பேச்சைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். விவரம் தெரிந்த பிள்ளையிடம் மட்டும், “இந்த மாசம் காசு கஷ்டம், உன்னால இல்ல” என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பழியைத் தன் மேலேயே போட்டுக்கொள்ளும்.

கை ஓங்கும் அந்த நொடியில் நியாயம் பேசிப் பயனில்லை. பத்து விநாடி வாய் திறக்காமல் நில்லுங்கள். ஐந்து முறை மூச்சை மெதுவாக இழுத்து விட்டு, முடிந்தால் அந்த இடத்தை விட்டு நகருங்கள். தண்டனை கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சின்னதாக, அன்றே முடிவதாக இருக்கட்டும். “ஒரு மாசம் போனே கிடையாது” என்று சொன்னால் மூன்றாம் நாளே உங்களால் காப்பாற்ற முடியாது. சொல் தோற்ற இடத்தில் மறுபடி கைதான் வரும்.

சில அடிகளின் ஆபத்து வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. கைக்குழந்தையைப் பிடித்து உலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியலாம், வெளியே ஒரு காயமும் தெரியாது. பிறந்து ஆறேழு வாரத்தில் அழுகை மிக அதிகமாக இருப்பது இயல்பு. பொறுமை போய்விட்டால் குழந்தையை உருண்டு விழாத இடத்தில் மல்லாக்கக் கிடத்திவிட்டுச் சில நிமிடம் வெளியே நில்லுங்கள், அழுதால் பரவாயில்லை. கன்னத்தில் அறையும் கை காதில் பட்டால் செவிப்பறை கிழியலாம். காது வலி, இரைச்சல், சீழ் அல்லது ரத்தம் இருந்தால் எண்ணெய் விடாதீர்கள், தண்ணீர் படவிடாதீர்கள், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். நான்கு வயதுக்குள் உள்ள பிள்ளையின் காது, கழுத்து, மார்பு, வயிறு, முதுகில் கன்றிய தழும்பு இருந்தால், “விளையாடும்போது விழுந்தான்” என்பதோடு விசாரணையை நிறுத்தக் கூடாது.

இந்தத் தழும்புகளைப் பார்த்துக் கேட்கக்கூடியவர்கள் ஆசிரியரும் அங்கன்வாடி ஊழியரும்தான். ஊரடங்கில் அவர்கள் கண்ணில் பிள்ளை படவே இல்லை. இன்னொரு முறை பள்ளிகள் மூடப்பட்டால், ஆசிரியர் வாரம் ஒரு முறையாவது போன் செய்து பெற்றோரிடம் மட்டும் பேசாமல் பிள்ளையிடமும் பேச வேண்டும். “சாப்பிட்டியா, ராத்திரி தூங்கினியா, வீட்ல யாரும் கோவமா இருக்காங்களா” என்ற கேள்விகள் போதும். பக்கத்தில் ஆள் இருப்பதால் பிள்ளை தயங்கினால், ஆமாம் இல்லை என்று பதில் வரும்படி கேளுங்கள்.

பொறுப்பில் உள்ளவர் பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி குற்றம். பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் 1098 எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணமில்லை, பிள்ளையே கூட அழைக்கலாம். அடித்துவிடுவோமோ என்று பயப்படும் பெற்றோர் 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.