உப்புக்காற்று நுழையாத நெல்மணி

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டு பக்கமும் உப்புக்காற்று. கேற் பிணைச்சலும் யன்னல் கொளுக்கியும் துருப்பிடித்து உதிர்வது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். மாரி முடிந்த கையோடு பெரியப்பாவின் பழைய ரேடியோவைக் கழற்றிப் பார்த்தேன். செப்புக் கோடுகள் பச்சை பூத்துக் கிடந்தன. அதற்கு நடுவே நெல்மணி அளவில் ஒரு கண்ணாடி டயோட், அதாவது கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு. கால்கள் கறுத்துப் போயிருந்தன. ஆனாலும் மீற்றரை வைத்தபோது ஒரு திசையில் கரண்டை விட்டது, மறு திசையில் மறித்தது. இத்தனை மாரியைக் கடந்தும் அது தன் வேலையை மறக்கவில்லை.

அதைக் காப்பாற்றியது அதன் கண்ணாடிக் கூடு. இப்படிப்பட்ட உறுப்புகளை மூடும் பிளாஸ்டிக் உறை ஈரத்தை முற்றாகத் தடுக்காது. அதன் மூலக்கூறுகளுக்கு இடையே நீராவி மெல்ல மெல்ல ஊறி உள்ளே போகும். உள்ளே வேலை செய்யும் குறைகடத்தியின் (சிலிக்கன், ஜெர்மேனியம் போன்ற பொருளின்) மேற்பரப்பில் ஈரமும் உப்பும் சேர்ந்து படிந்தால், கரண்ட் போகக்கூடாத திசையிலும் கசியத் தொடங்கும். கண்ணாடி அப்படியல்ல. நீராவிக்கு அது மூடிய கதவு. கூடவே, மின்சாரத்தைக் கடத்தாது, சூட்டையும் நன்றாகத் தாங்கும்.

சரி, கண்ணாடியால் மூடிவிட்டால் போதுமா? கரண்ட் போய்வர ஒரு கம்பி வெளியே வந்தாக வேண்டுமே. உண்மையான சிக்கல் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

தடித்த கண்ணாடிக் கிளாசில் கொதிக்கக் கொதிக்கப் பிளேன்டீயை ஊற்றினால் சில நேரம் 'டிக்' என்று வெடிக்கும். உட்பக்கம் விரிந்துவிடுகிறது, வெளிப்பக்கம் இன்னும் விரியவில்லை, அதுதான் காரணம். டயோட்டிலும் இதே தொல்லைதான். உருகிய கண்ணாடி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆறும்போது இரண்டும் சுருங்கும். சாதாரண சோடாக் கண்ணாடி ஒரு பாகை செல்சியசுக்குப் பத்து இலட்சத்தில் சுமார் 9 பங்கு சுருங்குகிறது. செம்போ சுமார் 17 பங்கு. ஒரு மில்லிமீற்றர் தடித்த கம்பி 500 பாகை ஆறினால், இரண்டுக்கும் இடையில் 0.004 மில்லிமீற்றர் வித்தியாசம் வரும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் வளையத் தெரியாத கண்ணாடிக்கு அதுவே அதிகம்.

ஆரம்பகால மின்குமிழ்களில் இதற்குப் பிளாட்டினம் கம்பி போட்டார்கள். அதன் விரிவு கண்ணாடியின் விரிவோடு ஒத்துப்போனது, ஆனால் விலையோ எட்டாத விலை. அப்புறம் வந்தது டூமெட். உள்ளே இரும்பும் சுமார் 42 சதவீதம் நிக்கலும் சேர்ந்த கலவை, மேலே செம்புப் போர்வை. உட்கரு குறைவாக விரியும், செம்பு கூடுதலாக விரியும். இரண்டையும் சரியான அளவில் சேர்த்தால், கம்பியின் தடிப்பு கண்ணாடியோடு ஒத்தே கூடிக் குறையும். மேலிருக்கும் செம்பின் ஒக்சைட்டு கண்ணாடியோடு பிணைந்துகொள்வதால் இடைவெளியும் இல்லாமல் போகிறது. அடுத்த முறை ஒரு கண்ணாடி டயோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரு முனைகளிலும் செந்நிறம் தெரியும். எனக்கு அது நகைவேலை போலத்தான் படுகிறது.

கண்ணாடிக்கும் ஒரு குறை உண்டு. அது வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடும். குறைகடத்தியில் வெளிச்சம் பட்டால் கரண்ட் பிறக்கும். அதனால்தான் ஓசி71 என்ற பழைய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரின் கண்ணாடிக்குக் கறுப்பு மை பூசினார்கள். அந்த மையைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெளிச்சத்தை உணரும் கருவியாகப் பலர் அதைப் பயன்படுத்தியதும் உண்டு.

இன்றைய சிலிக்கன் சில்லுகளுக்குக் கண்ணாடிக் கூடு அவ்வளவாகத் தேவையில்லை. தயாரிக்கும்போதே அவற்றின் மேல் சிலிக்கன் ஒக்சைட்டு, நைத்திரைட்டுப் படலங்கள் போர்த்தப்படுகின்றன. அதனால் மேலே பிளாஸ்டிக்கே போதுமாகிவிட்டது. ஆனால் காந்தம் கிட்ட வந்தால் மூடிக்கொள்ளும் ரீட் சுவிச்சில் கண்ணாடி இன்றும் அசையாமல் இருக்கிறது. தண்ணீர்த் தாங்கியின் மிதவைகள் சிலவற்றில் இருப்பது அதுதான். கண்ணாடிக் குழாய்க்குள் பெரும்பாலும் நைதரசன் வாயு நிரப்பி மூடியிருப்பார்கள். தொடும் தகடுகளை ஈரமும் தொடாது, துருவும் தொடாது.

இப்படிப்பட்ட உறுப்பின் காலை வளைக்கும்போது கண்ணாடியை ஒட்டி வளைக்காதீர்கள். கண்ணாடிப் பக்கத்துக் கம்பியைக் குறட்டால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதற்கு அப்பால் வளையுங்கள். முடி போல ஒரு வெடிப்பு விழுந்தாலும் காற்று உள்ளே போய்விடும். பெரியப்பாவின் டயோட்டின் கறுத்த கால்களை அரத்தாளால் தேய்த்து, அப்படித்தான் வளைத்து, ஈயம் வைத்தேன்.