முளைகட்டிய தானிய மாவு, கஞ்சியை எப்படி இளக்குகிறது?

ஆறு மாதம் முடிந்து குழந்தைக்கு இணை உணவு தொடங்கும்போது எல்லா வீட்டிலும் வருகிற முதல் பயம், தொண்டையில் அடைத்துக்கொள்ளுமோ என்பது. அதனால் கஞ்சியைத் தண்ணீராகக் காய்ச்சிவிடுகிறோம். குழந்தையும் மடமடவென்று குடித்துவிடும், நமக்கும் திருப்தி. கணக்குப் போட்டால்தான் இடிக்கும்.

6 முதல் 8 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக, நாளைக்குச் சுமார் 200 கிலோகலோரி உணவிலிருந்து வர வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிறோ சின்னது. கிலோ எடைக்கு 30 மில்லி என்று வைத்தால், 7 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 210 மில்லி, அதாவது ஒரு டம்ளர்தான். 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் கேழ்வரகு மாவைக் கரைத்துக் காய்ச்சினால் கிடைப்பது 30 கிலோகலோரி சொச்சம். அதே அளவு தாய்ப்பாலில் 65க்குக் குறையாது. நீர்க்கஞ்சியால் வயிறு நிரம்பினால் பாலுக்கும் இடமில்லை.

சரி, மாவைக் கூட்டிப் போட்டால்? 20 கிராம் போட்டால் களியாகிவிடும். சூடேறும்போது மாவுச்சத்துத் துகள்கள் தண்ணீரை உறிஞ்சி ஊதிப்பெருக்கின்றன. 70 டிகிரி செல்சியஸ் வாக்கில் அவை குழைந்து, நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் வெளியே வந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. கஞ்சி இறுகுவது இதனால்தான்.

இங்கேதான் முளைகட்டுவது கைகொடுக்கிறது. ஈரம் பட்டதும் தானியத்தின் கரு, ஜிப்பரலின் என்ற ஹார்மோனை அனுப்புகிறது. அது எட்டியதும் தானியத்தின் வெளியடுக்கு, ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. நாற்றுக்கு உணவாகட்டும் என்று அது சங்கிலிகளை நடுவிலேயே வெட்டித்தள்ளும். அப்படி முளைத்த தானியத்தை உலர்த்தி அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சினால் அடுப்பிலும் அதே வேலை நடக்கும். சங்கிலிகள் துண்டாவதால் 20 கிராம் போட்டும் கஞ்சி ஓடும் பதத்திலேயே நிற்கும், கலோரி குறையாது. வெட்டுப்பட்டதில் கொஞ்சம் சர்க்கரையாகிவிடுவதால் லேசாக இனிக்கவும் செய்யும். சர்க்கரை வேண்டாம். தேன் கூடவே கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரக்கூடும்.

ஆனால் அமைலேஸுக்கு அதிகச் சூடு ஆகாது. 55 முதல் 70 டிகிரி வரை நன்றாக வேலை செய்யும், கொதித்தால் செத்துவிடும். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டினால் முளைகட்டிய பாடெல்லாம் வீண். பச்சைத் தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே வர வேண்டும். கடைசியில் நன்றாகக் கொதிக்கவிடத்தான் வேண்டும், ஈரத்தில் கிடந்த தானியத்தில் கிருமிகளும் பெருகியிருக்கும் அல்லவா! அரைக்கும் முன் மணம் வரும்வரை வறுக்கிற வழக்கமும் நொதியைக் கெடுக்கும். நன்றாக உலர்த்தி, லேசாகச் சூடு காட்டினால் போதும்.

அரிசிக் கஞ்சிக்கும் இது எடுபடும். 1980களில் பரோடாவில் ஊட்டச்சத்து ஆய்வாளர் தாரா கோபால்தாஸ் குழுவினர், கெட்டியான கஞ்சியில் கொஞ்சம் முளைதானிய மாவைக் கலந்தாலே இளகிவிடுவதைக் காட்டினார்கள். காய்ச்சிய கஞ்சி சற்று ஆறியதும் ஒரு சிட்டிகை கலந்து, சில நிமிடம் விட்டு, மறுபடி கொதிக்கவைத்து இறக்கலாம்.

கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, துணியில் வடித்துப் பால் எடுப்பதும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கேழ்வரகின் பெருமையே கால்சியம்தான், அதில் பெரும்பங்கு தோலில் இருக்கிறது. சக்கையோடு அதையும் வீசிவிடுகிறோம்.

இரும்புச்சத்துக்கு மட்டும் இந்தக் கஞ்சியை நம்ப முடியாது. கருவில் சேர்த்த இருப்பு ஆறு மாதத்தில் தீர்ந்துவருகிறது, தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. கேழ்வரகில் இரும்பு இருந்தாலும் தானியத்தில் உள்ள ஃபைட்டேட், டானின் என்ற வேதிப்பொருள்கள் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும்; முளைகட்டினால் அந்தப் பிடி ஓரளவுதான் தளரும். மசித்த பருப்பு, மீன், ஈரல் என்று ஏதாவது ஒன்றைத் தொடக்கத்திலிருந்தே சேர்க்க வேண்டும். பருப்பு மட்டும் என்றால் இரண்டு சொட்டு எலுமிச்சைச்சாறு விட்டால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பு உடலில் சேர உதவும்.