கசப்பை மறைக்கப் போடும் சீனி

சீனியும் பாலும் சேராத ஒரு கப் கோப்பியில் இரண்டு கலோரிதான் இருக்கிறது. சீனி போடாத பிளேன்டீயும் அதே கணக்குத்தான். ஒரு நாளில் பத்துக் கப் வெறுங்கோப்பி குடித்தாலும் இருபது கலோரியைத் தாண்டாது. தூக்கம் போகுமே தவிர உடம்பு வைக்காது. ஆனாலும் "கோப்பி குடித்துக் குடித்தே வயிறு போட்டுவிட்டது" என்று சொல்கிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். கோப்பிக்கு அந்தக் கெட்ட பெயர் சகவாச தோஷத்தால் வந்தது.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். (பாக்கெட்டில் கிலோ கலோரி என்று அச்சிட்டிருப்பதைத்தான் பேச்சில் கலோரி என்கிறோம்.) சீனி ஒரு கிராமுக்கு 4 கலோரி, புரதமும் அப்படியே, கொழுப்பு மட்டும் 9. தேக்கரண்டியில் சீனியைத் தலைதட்டி எடுத்தால் 4 கிராம் வரும். ஆனால் சீனிப் போத்தலுக்குள் போன கரண்டி தலைதட்டியா வெளியே வருகிறது? குவிந்துதான் வரும். குவிந்த கரண்டியில் 6 முதல் 8 கிராம் வரை இருக்கும். அப்படி இரண்டு கரண்டி போட்டால் சுமார் 14 கிராம், 56 கலோரி. அடுத்தது பால்மா. முழு ஆடைப் பால்மா 100 கிராமில் ஏறக்குறைய 500 கலோரி இருப்பதால், ஒரு கப்புக்கு 10 கிராம் போட்டாலே 50 கலோரி. ஆக, இரண்டு கலோரிக் கோப்பி நூறைத் தாண்டிவிட்டது.

நுவரெலியாக் குளிரில் நான்கு கப் என்பது பெரிய விஷயமே இல்லை. விடியக்காலை, தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு முன் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று, இரவு தொலைக்காட்சிக்கு முன்னால் ஒன்று. மொத்தம் 430 கலோரி. வெந்த சோறாகக் கணக்கிட்டால் 300 கிராமுக்கு மேல் வரும். நிறைந்த ஒரு தட்டு. சீனியை மட்டும் பார்த்தால் நாளுக்கு 56 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு, 2000 கலோரி சாப்பிடும் ஒருவர் சேர்த்துக்கொள்ளும் சீனி 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது. நான்கு கப்பிலேயே அந்த எல்லை போய்விட்டது. பணிஸ், கேக், சோடா எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை.

அந்த ஒரு தட்டுச் சோற்றைக் குடித்துவிட்டோம் என்பது வயிற்றுக்குச் சரியாகத் தெரிவதில்லை. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தினர் 2000இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பதினைந்து பேருக்கு நான்கு வாரம் தினமும் 450 கலோரிக்கு இனிப்பு மிட்டாய், இன்னொரு நான்கு வாரம் அதே 450 கலோரிக்கு இனிப்புச் சோடா. மிட்டாய் சாப்பிட்ட வாரங்களில் அவர்கள் தங்களை அறியாமலேயே மற்றச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். சோடா குடித்த வாரங்களில் குறைக்கவே இல்லை, எடை ஏறியது. சோடாவும் பால்கோப்பியும் ஒன்றல்லதான். ஆனாலும் மென்று தின்னாமல் மடக்மடக்கென்று உள்ளே போகிற கலோரியை உடம்பு கணக்கில் எடுப்பது குறைவு என்பதை இது காட்டியது.

சரி, சீனியைக் குறை என்று டாக்டர் சொல்கிறார், நாமும் இரண்டு நாள் குறைக்கிறோம், மூன்றாம் நாள் பழையபடி. மனவுறுதி போதவில்லை என்று நம்மையே நொந்துகொள்கிறோம். எனக்கென்னவோ பிழை வேறு இடத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. நம் கோப்பியில் சீனி விழுவதில் பாதி, இனிப்பு ஆசையால் இல்லை, கசப்பை அடக்கத்தான். கசப்பை அப்படியே வைத்துக்கொண்டு சீனியை மட்டும் எடுத்தால் நாக்கு எப்படிச் சும்மா இருக்கும்?

மனித நாக்கில் இனிப்பை உணர ஒரே ஒரு வகை ஏற்பிதான் (சுவைப் பொருளைப் பிடித்து உணரும் புரதம்) இருக்கிறது. கசப்பை உணர ஏறக்குறைய 25 வகை. காட்டில் கசக்கிற இலை பலவற்றில் விஷம் இருக்கும் என்பதால் உடம்பு இந்தக் காவலை இவ்வளவு பலமாகப் போட்டிருக்கிறது. சீனி போடும்போது கசப்புப் பொருள் கோப்பியிலிருந்து எங்கும் போய்விடுவதில்லை. இனிப்புச் செய்தியும் கசப்புச் செய்தியும் ஒன்றாக மூளைக்குப் போகும்போது ஒன்று மற்றொன்றை அமுக்குகிறது, அவ்வளவுதான். கசப்பு கூடக்கூட அதை அமுக்க வேண்டிய சீனியும் கூடும்.

நம் ஊர்க் கோப்பி ஏன் இவ்வளவு கசக்கிறது என்பதற்கு ஒரு சரித்திரக் காரணமும் உண்டு. மலையகத் தமிழரான நம் முன்னோர் தேயிலைக்காகத்தான் இந்த மலைகளுக்கு வந்தார்கள் என்று இளையவர்கள் பலர் நினைக்கிறார்கள். முதலில் வந்தவர்கள் கோப்பிக்காக வந்தார்கள். 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்த நோய் தென்பட்டது. அந்த இலைத்துரு நோய் சில பத்தாண்டுகளில் அரபிக்கா வகைக் கோப்பித் தோட்டங்களை ஒழித்துக்கட்டியது. தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தொடங்கியிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. அதற்குப் பிறகு வீட்டுத் தோட்டங்களில் நிலைத்தது பெரும்பாலும் நோயைத் தாங்கும் ரொபஸ்டா வகைக் கோப்பி. ரொபஸ்டாவில் கஃபீன் அரபிக்காவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. குளோரோஜெனிக் அமிலம் என்ற பொருளும் கூடுதல். கோப்பியின் கசப்பில் கஃபீனுக்குப் பங்கு குறைவு. கசப்பின் பெரும்பகுதி இந்த அமிலத்திலிருந்து வருகிறது. கொட்டையை வறுக்கும்போது அது லாக்டோன் எனப்படும் கசப்புப் பொருளாக மாறும். இன்னும் கருக்க வறுத்தால் அதுவும் உடைந்து, நாக்கின் அடியில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிற வேறொரு கசப்பாகிவிடும். நாம் வீட்டில் கோப்பிக் கொட்டையை எப்படி வறுக்கிறோம்? கரியாகிற வரைக்கும். வறுவலைக் கபில நிறத்தோடு நிறுத்திப் பாருங்கள், மணமும் தங்கும், சீனியும் அவ்வளவு கேட்காது.

அப்புறம் தண்ணீர். இங்கே மலைவாசிகளுக்கு இயற்கை ஒரு சலுகை தந்திருக்கிறது. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலையும் இறங்கும். 1868 மீட்டர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும், ஹட்டனில் 96 போல. பருப்பு வேகத் தாமதமாவது இதனால்தான். கோப்பிக்கோ 90 முதல் 96 பாகைதான் உகந்த சூடு. கொழும்பில் கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும், நுவரெலியாவில் அடுப்பிலிருந்து இறக்கியதும் ஊற்றலாம்.

கெடுப்பது அதற்குப் பிறகு நாம் செய்யும் வேலை. கோப்பித்தூளிலிருந்து முதலில் கரைந்து வருவது புளிப்பும் மணமும், பிறகு இதமான சுவைகள், கடைசியில்தான் கனத்த கசப்பு. தூளைக் கேத்தலில் போட்டுக் கொதிக்க வைத்தால் அந்தக் கடைசிக் கசப்பையும் சுரண்டி எடுத்துவிடுகிறோம். கப்பிலேயே தூளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிற நம் வழக்கத்திலும் இதே சிக்கல்: குடித்து முடிகிற வரை மண்டி அடியில் கசந்துகொண்டே இருக்கும். தூள் கொஞ்சம் கொரகொரப்பாக, ஊற்றி நான்கு நிமிடம், பிறகு துணியில் ஒரு வடி. ஒரு கரண்டிச் சீனியை மிச்சம் பிடிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. பிளாஸ்கில் மணிக்கணக்கில் சூடாக வைத்த கோப்பி வேறு விதமாகக் கெடும். அதிலுள்ள அமிலங்கள் உடைந்து ஒரு புளித்த கசப்பு வந்துவிடும். மத்தியானப் பிளாஸ்க் கோப்பிக்குக் காலையைவிடச் சீனி கூடத் தேவைப்படுவது அதனால்தான்.

உப்பும் உதவும், சொன்னால் சிரிப்பார்கள். சோடியம் கசப்பை மட்டும் குறிவைத்து அமுக்கும் தன்மை கொண்டது. உப்புச் சுவை தெரியாத அளவுக்கு, விரல் நுனியில் ஒட்டுகிற நாலைந்து பரல் போதும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதில் கை வைக்க வேண்டாம்.

பால்கோப்பியில் சீனிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, அதை நாம் வேலை என்றே நினைப்பதில்லை. கப்பின் அடியில் பால்மாவையும் சீனியையும் ஒன்றாகப் போட்டு, சொட்டுச் சுடுதண்ணீர் விட்டுக் குழைத்து, அதன் மேல் சாயத்தை ஊற்றுவோம். சீனி போடாமல் அதே வேலையைச் செய்து பாருங்கள், பால்மா கட்டி கட்டியாக மிதக்கும். முழு ஆடைப் பால்மாவின் ஒவ்வொரு துணுக்கின் மேலும் மெல்லிய கொழுப்புப் படலம் இருக்கிறது. தண்ணீர் அதில் ஒட்டாது. கொதிக்கிற தண்ணீர் திடீரென்று விழுந்தால் கட்டியின் வெளிப்புறம் மட்டும் நனைந்து பசையாகி, உள்ளே இருக்கிற காய்ந்த மாவை அடைத்துவிடும். சீனிப் பரல்கள் நடுவில் புகுந்து துணுக்குகளை விலக்கி வைப்பதால் தண்ணீருக்கு வழி கிடைக்கிறது. உடனே கரையும் என்று விற்கும் பால்மாவில் லெசித்தின் சேர்ப்பதும் இதே வேலைக்குத்தான். ஆக, சீனி இல்லாமல் சமாளிக்க, முதலில் ஒரு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரில் பால்மாவைப் பசையாகக் குழைக்க வேண்டும். ஏறக்குறைய 40 பாகையில் பால்கொழுப்பு உருகிவிடும், கொதிநீர் தேவையில்லை. குழைத்த பிறகு எவ்வளவு சூடாக ஊற்றினாலும் கட்டி பிடிக்காது.

டின்பாலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாதிக்கு மேல் அது சர்க்கரை. ஒரு மேசைக்கரண்டியில் 64 கலோரி. அதை ஊற்றிவிட்டு "சீனி போடவில்லை" என்று சொல்லிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றுவது. பசும்பால் கிடைக்கிற இடத்தில், அம்பேவளைப் பக்கம் இருப்பவர்களுக்கு அது கஷ்டமே இல்லை, 30 மில்லிலீட்டர் விட்டால் 20 கலோரியோடு முடிந்துவிடும்.

கித்துள் கருப்பட்டிக்கு மாறினால் கலோரி குறையும் என்பது பலருடைய நம்பிக்கை. கிராமுக்குக் கிராம் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. அதுவும் பெரும்பாலும் சர்க்கரைதான். ஆனால் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடிக்கும் பழைய வழக்கம் இருக்கிறதே, அது கெட்டிக்காரத்தனமானது. இனிப்பு நாக்குக்குத் தெரிவது சர்க்கரையின் செறிவைப் பொறுத்து. 10 கிராமை 200 மில்லிலீட்டரில் கரைத்தால் அது ஐந்து சதவீதக் கரைசல்தான், அதிலும் பெரும்பங்கு நாக்கைத் தொடாமலே தொண்டைக்குள் இறங்கிவிடும். 4 கிராம் துண்டை நாக்கில் வைத்து ஒரு மிடறு குடித்தால் இனிப்பு முழுவதும் ஏற்பிகளின் மேலேயே கரைகிறது. கோப்பியையும் அப்படிக் குடிக்கலாம். துண்டை முதலிலேயே வெட்டி எடுத்து வைத்துவிட வேண்டும். முழு வட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கணக்குத் தலைகீழாகிவிடும்.

கறுவாப்பட்டை, ஏலக்காய் மணம் சீனி இல்லாமலே கொஞ்சம் இனிப்பைத் தோற்றுவிக்கும். காலங்காலமாக இனிப்புப் பலகாரங்களோடு சேர்ந்தே வந்த மணங்கள் என்பதால் மூளை அவற்றை இனிப்போடு இணைத்து வைத்திருக்கிறது. சூடும் முக்கியம். இனிப்புச் செய்தியைக் கடத்தும் நாக்குச் செல்கள் இளஞ்சூட்டில் நன்றாக வேலை செய்யும், குளிரில் மந்தமாகும். ஐஸ் கோப்பிக்கு அவ்வளவு டின்பால் வேண்டியிருப்பது இதனால்தான். அதே ஐஸ் கோப்பியைக் குளிர் போன பிறகு குடித்துப் பாருங்கள், திகட்டும்.

இவ்வளவையும் செய்த பிறகு சீனியில் கை வைக்கலாம். ஒரு மாற்றம் புலனுக்குத் தெரிய வேண்டுமானால் அது இருக்கிற அளவின் ஒரு குறிப்பிட்ட பங்காவது இருக்க வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மனிய அறிவியலாளர் எர்ன்ஸ்ட் வேபர் கண்டறிந்தார். குவித்த இரண்டு கரண்டியை ஒரேயடியாகத் தலைதட்டினால் 14 கிராம் 8 ஆகிவிடும், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு மட்டும் குறைத்துக்கொண்டு போனால் பெரும்பாலானோருக்குப் பிடிபடாது. இங்கிலாந்தில் சீனி போட்டுத் தேநீர் குடிக்கும் 64 ஆண்களை வைத்து ஒரு மாதம் சோதித்த முடிவு 2019இல் வெளியானது. மெல்ல மெல்லக் குறைத்தவர்களில் 42 சதவீதம் பேர் சீனியை விட்டிருந்தார்கள். ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 36 சதவீதம். வழமைபோல் குடித்தவர்களில் 6 சதவீதம். தேநீரை ரசிப்பது குறையவில்லை என்பதுதான் எனக்கு அதில் பிடித்த செய்தி.

பார்மசியில் விற்கும் இனிப்பு மாத்திரைகள்? அஸ்பார்டேம் சீனியைவிட ஏறக்குறைய 200 மடங்கு, சுக்ரலோஸ் 600 மடங்கு இனிப்பு என்பதால் கடுகளவு போதும், கலோரி இல்லை என்றே சொல்லலாம். ஆனால் எடையைக் கட்டுப்படுத்த இவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. அவர்கள் தங்கள் வைத்தியரிடம் கேட்பதே முறை.

கடைசியாகக் கடையில் தொங்கும் த்ரீ இன் வன் பாக்கெட். உள்ளடக்கத்தை எடை கூடியதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில்தான் அச்சிடுவார்கள். பெரும்பாலான பாக்கெட்டுகளில் சீனியும் கிரீமரும் முன்னால் நிற்கும், கோப்பி அதற்குப் பிறகுதான் வரும். கிரீமர் என்பது பெரும்பாலும் குளுக்கோஸ் பாகும் தாவரக் கொழுப்பும். 20 கிராம் பாக்கெட் ஒன்றில் 80 கலோரிக்கு மேல் இருக்கும். விட முடியாதவர்கள் பாதியைக் கப்பில் கொட்டி, அதோடு அரைக் கரண்டி உடனடிக் கோப்பித்தூள் தனியாகச் சேர்த்துக்கொண்டு, மீதியை மடித்துப் பின்னேரத்துக்கு வைக்கலாம்.