மழையே இல்லாத தை மாதத்தில் தக்காளி இலை கருகுவது ஏன்?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பொங்கலுக்குப் பிறகு ஒரு சொட்டு மழை இல்லை. தண்ணீரையும் வேரில்தான் ஊற்றுகிறேன். ஆனாலும் தக்காளியின் அடி இலைகளில் வட்ட வட்டமாகக் கருகல் விழுந்து மேலே ஏறிக்கொண்டே போகிறது. பனி கருக்கிவிட்டது என்கிறார் அம்மா. பனிக்கு அப்படி ஒரு குணம் உண்டா?"

அம்மா சொல்வது பாதி சரி. பனித்துளி என்பது கிட்டத்தட்ட வடித்த நீர்தான், அதற்கு இலையைக் கருக்கும் சக்தி கிடையாது. ஆனால் அது இலை மேல் எத்தனை மணி நேரம் தங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

டெல்டாவில் தையும் மாசியும் பனிக்கென்றே அமைந்த மாதங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்துவிடும். மண்ணில் ஈரம் இருக்கும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28 அன்று மூடும்வரை வாய்க்கால்களிலும் தண்ணீர் ஓடும். சம்பா அறுவடை முடியாத வயல்களும் ஈரத்தைக் காற்றில் ஏற்றிக்கொண்டே இருக்கும். மாலையில் காற்று 25 டிகிரி வெப்பத்திலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் இருந்தால், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 17 கிராம் நீராவி இருக்கிறது என்று பொருள். 20 டிகிரிக்குக் குளிர்ந்த காற்றால் அதற்கு மேல் ஆவியைத் தாங்க முடியாது. இந்த 20 டிகிரிதான் அன்றைய பனிநிலை. அந்த வெப்பநிலைக்கு இறங்கிய எந்தப் பரப்பிலும், குளிர்ந்த நீர் நிரம்பிய சொம்பின் வெளிப்புறம் வேர்ப்பதுபோல, நீர் படியும். இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான்.

இனி வருவதுதான் அழகான பகுதி. செல்பேசியில் பார்த்தால் அன்றிரவின் குறைந்தபட்ச வெப்பநிலை 22 டிகிரி என்று இருக்கும். காற்று 20-க்கு இறங்கவே இல்லை. ஆனாலும் விடிகாலையில் இலை சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. காற்றிடம் இல்லாத அந்த இரண்டு டிகிரிக் குளிர் இலைக்கு எங்கிருந்து வந்தது?

வானத்திலிருந்து. இன்னும் சரியாகச் சொன்னால், விண்வெளியிலிருந்து. வெப்பமுள்ள எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை உமிழ்ந்துகொண்டே இருக்கும். 25 டிகிரியில் உள்ள இலை உமிழும் கதிரின் உச்சம் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் விழுகிறது. வளிமண்டலத்தில் உள்ள நீராவியும் கரியமில வாயுவும் அகச்சிவப்பின் பெரும்பகுதியை விழுங்கி, பாதியைத் தரைக்கே திருப்பி அனுப்பிவிடும். ஆனால் சுமார் 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரை மட்டும் அவை அதிகம் கைவைப்பதில்லை. அங்கே ஒரு சன்னல் திறந்திருக்கிறது. இலையின் உமிழ்வு உச்சம் அந்தச் சன்னலுக்கு நேராகவே வந்து நிற்கிறது! வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஒரு தக்காளி இலை, மேகமற்ற இரவில், தன் வெப்பத்தை நேராக விண்வெளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. இலை மெல்லியது, சேமித்து வைத்த வெப்பம் சொற்பம், தரையின் சூடும் அதற்கு எட்டாது. அதனால் சுற்றியுள்ள காற்றைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி வரை குளிர்ந்துவிடுகிறது.

மேகம் இருந்தால் அதன் அடிப்பகுதி அந்தக் கதிரை வாங்கித் தானும் கீழ்நோக்கி உமிழும், சன்னல் மூடிவிடும். காற்று வீசினால் சூடான காற்று இலையை ஓயாமல் தொட்டு, இழந்த வெப்பத்தை ஈடுகட்டும். அதனால்தான் மேகமூட்ட இரவிலும் வாடை பலமாக வீசும் இரவிலும் பனி இருப்பதில்லை.

பனி மேலிருந்து விழுகிறது என்று நம்புவோர் இன்றும் பலர். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பது குளிரின் கடுமையைச் சொல்லும் நல்ல பழமொழிதான், ஆனால் பனி எதையும் துளைப்பதில்லை. லண்டனில் மருத்துவராக இருந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814-இல் வெளியிட்ட ஆய்வில் இதை எளிமையாக நிரூபித்தார். இரண்டரை அடி உயரச் சுட்ட மண் குழாய் ஒன்றைப் புல்வெளியில் நிமிர்த்தி வைத்து, அதற்குள் 10 கிரெயின் (பழைய ஆங்கிலேயச் சிற்றெடை அலகு) எடையுள்ள கம்பளியை வைத்தார். அதே அளவு கம்பளியை வெட்டவெளியிலும் வைத்தார். குழாயின் மேல்வாய் திறந்திருந்ததால், பனி மழைபோல் விழுவதாக இருந்தால் இரண்டும் ஒரே அளவு நனைந்திருக்க வேண்டும். காலையில் வெளியில் இருந்தது 16 கிரெயின் நீரைப் பிடித்திருந்தது, குழாய்க்குள் இருந்தது இரண்டுக்குச் சற்று மேல். குழாய்க்குள் இருந்து தெரிந்த வானம் சிறியது, அதனால் கம்பளி குளிர்ந்ததும் குறைவு. ஒரு துண்டுக் கம்பளியும் ஒரு தராசும் கொண்டு செய்த இந்தச் சோதனைக்கு ஈடானவை அறிவியலில் அதிகம் இல்லை.

இலையில் நீர் படியத் தொடங்கியதும் ஒவ்வொரு கிராமும் சுமார் 2,450 ஜூல் வெப்பத்தை இலைக்குத் தருகிறது. அது குளிர்ச்சிக்குத் தடைபோடுவதால் பனி ஒரேயடியாகக் கொட்டாமல், விடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. நல்ல பனி இரவில் சேர்வது 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர், அதாவது சதுர மீட்டருக்கு ஒரு டம்ளர் நீர். வேருக்கு அது போதாது. ஆனால் பூஞ்சாணத்துக்கு அதுவே தாராளம்.

தக்காளியின் அடி இலையில் வளையம் வளையமாக விழும் கருகலுக்குக் காரணம் ஆல்டர்னேரியா என்ற பூஞ்சாணம். அதன் வித்துகள் காய்ந்த இலையில் சும்மா கிடக்கும். நீர்த்திரை சில மணி நேரம் தொடர்ந்து இருந்தால்தான் முளைத்து உள்ளே நுழையும். எத்தனை மணி நேரம் என்பதற்கு ஒரு கணக்கே உண்டு. 1978-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உருவாகி, பிறகு கனடாவின் ஒன்டாரியோவில் எளிமையாக்கப்பட்டு டாம்காஸ்ட் என்ற பெயரில் தக்காளி விவசாயிகள் பயன்படுத்துவது அது. இலை நனைந்திருந்த நேரத்தின் சராசரி வெப்பநிலை 21 முதல் 25 டிகிரி என்றால், 3 முதல் 5 மணி நேர ஈரத்துக்கு 1 புள்ளி, 6 முதல் 12 மணி நேரத்துக்கு 2 புள்ளி, 13 முதல் 20 மணி நேரத்துக்கு 3 புள்ளி. 18 முதல் 20 டிகிரி என்றால் 4 முதல் 8 மணி நேரத்துக்கு 1, 9 முதல் 15 மணி நேரத்துக்கு 2. கூட்டிக்கொண்டே வந்து 15 முதல் 20 புள்ளிக்குள் மருந்து தெளிப்பார்கள். இரவு பத்து மணிக்கு நனைந்து காலை எட்டு மணிக்குக் காயும் நம்மூர் இலைக்கு ஓர் இரவுக்கு 2 புள்ளி. எட்டே இரவில் 16 ஆகிவிடுகிறது. மழைமானியோ பூஜ்யம் காட்டிக்கொண்டிருக்கும்.

நுழைந்த பூஞ்சாணம் கருகலாகத் தெரிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதற்குள் அந்தப் பனி இரவு மறந்துபோயிருக்கும். நன்றாகக் காய்த்த செடி திடீரென்று கருகினால் கண்பட்டுவிட்டது என்று பூசணிக்காய் கட்டுவது இந்த இடைவெளியால்தான். பூசணியை வறுவலுக்கு வைத்துக்கொண்டு, இலை நனைந்த நேரத்தை ஒரு நோட்டில் எழுதுவது நல்லது. அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. நெல்லின் குலை நோயும் இலை ஈரத்தை நம்பியே பரவுகிறது. டெல்டாவின் ஒவ்வொரு வட்டாரத்திலும் மழையளவோடு இலை ஈர நேரத்தையும் அளந்து தினமும் வெளியிட வேண்டும். ஈரம் பட்டால் மின்சாரம் எளிதாகப் பாயும் சிறு தகடுதான் அதற்கான கருவி. இதற்குப் பணம் ஒதுக்காமல், கருகிய பிறகு நிவாரணம் ஒதுக்குவது சரியான வரிசை அல்ல.

வீட்டில் அளக்கவும் வழி இருக்கிறது. இந்திய வானிலைத் துறையின் வேளாண் நிலையங்கள் பயன்படுத்திய டுவ்தெவானி பனிமானி என்பது 32 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. தடிமன் உள்ள, வண்ணம் பூசிய மரக்கட்டை, அவ்வளவுதான். அப்படியொரு கட்டையைச் செடியின் உயரத்தில் வெட்டவெளியில் கிடையாக வைத்து, படுக்கப் போகும்போதும் விடியுமுன்னும் டார்ச் அடித்துப் பாருங்கள். காலையில் எப்போது காய்கிறது என்பதையும் குறியுங்கள். கூடவே இலை விளிம்பையும் கவனியுங்கள். பனி இலைப்பரப்பு முழுவதும் பொடிப்பொடியாகப் படியும். விளிம்பின் பற்களில் மட்டும் வரிசையாக மணிபோல் நிற்பது பனி அல்ல. அது வேரின் அழுத்தத்தால் இலை கசியவிட்ட சாறு. அதில் சர்க்கரையும் உப்புகளும் இருப்பதால் கிருமிகளுக்குத் தீனி. மாலையில் தண்ணீர் ஊற்றும் தோட்டத்தில் இது அதிகம் தெரியும். பாசனத்தைக் காலை ஏழு, எட்டு மணிக்கு மாற்றிவிட்டால் குறைந்துவிடும்.

பனியைத் தடுக்க, இலைக்கும் வானத்துக்கும் நடுவில் எதையாவது வைத்தால் போதும். தென்னங்கீற்றை ஆறடி உயரத்தில், பக்கங்கள் திறந்திருக்கும்படி பரப்புங்கள். இலை இப்போது விண்வெளிக்குப் பதிலாகக் கீற்றைப் 'பார்க்கிறது'. பாதி நிழல் தரும் வலையும் ஓரளவு உதவும். பலரும் செய்யும் தவறு பாலித்தீன் தாளைப் போர்த்துவது. சாதாரண பாலித்தீன் வெயிலுக்கு மட்டுமல்ல, அந்த 10 மைக்ரோமீட்டர் கதிருக்கும் ஒளி ஊடுருவும் பொருள்தான். வெப்பம் அதன் வழியே வெளியேறும், ஆவி மட்டும் உள்ளே அடைபடும், காற்றோட்டமும் நின்றுபோகும். காலையில் மூடாத செடியைவிட மூடிய செடி கூடுதலாக நனைந்திருக்கும்.

கீற்றை விடிந்ததும் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் வேறொரு வம்பு. வெண்டையிலும் புடலையிலும் மாசியில் வரும் சாம்பல் நோய்க்கு நீர்த்திரை தேவையில்லை. இலை காய்ந்திருந்து, நிழலும் காற்றில் ஈரப்பதமும் இருந்தாலே அது செழிக்கும். தொடக்கத்திலேயே ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, காலை வெயிலில் இலையின் இருபுறமும் வாரம் ஒருமுறை தெளிக்கலாம். 1999-இல் பிரேசிலில் சுக்கினி என்ற பூசணி இனச் செடியில் சோதித்து வெளியான முறை இது. இதே நோய்க்குத் தண்ணீரில் கலந்து தெளிக்கும் நனையும் கந்தகத்தைப் பூசணிக் குடும்பச் செடிகளில் வெயில் நேரத்தில் அடித்தால் இலை வெந்துவிடும்.

தக்காளிக்குச் சூடோமோனாஸ் என்ற, நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் பாக்டீரியாப் பொடியைத் தெளிப்பதானால் லிட்டருக்கு 5 கிராம், மாலை நான்கு மணிக்கு. உச்சி வெயில் அந்தப் பாக்டீரியாவைக் கொல்லும், ஆறு மணிக்குத் தெளித்தாலோ நாமே இலையை நனைத்து இரவுக்குள் அனுப்பியதாகும். செடிக்குச் செடி 45 செ.மீ., வரிசைக்கு வரிசை 60 செ.மீ. விடுங்கள். முதல் கொத்து காய்த்ததும் தரையிலிருந்து ஓர் அடிவரை உள்ள இலைகளைக் கழித்துவிடுங்கள். கிழக்கே வெயிலை மறைக்கும் முருங்கைக் கிளை இருந்தால் அதையும் வெட்டுங்கள். ஒரு மணி நேரம் முன்னதாக இலை காயும். இலை ஈரமாக இருக்கும்போது செடிக்குள் கை வைக்காதீர்கள்.

2023 பிப்ரவரி தொடக்கத்தில் சம்பாவைச் சாய்த்ததுபோல, வங்கக்கடலில் திடீரென்று ஒரு தாழ்வு வந்து தை, மாசியில் மழை கொட்டுவதும் உண்டு. அப்போது ஈரத்தைவிட மண் தெறிப்பதுதான் ஆபத்து, ஏனெனில் பழைய இலைச் சருகில் வித்துகள் காத்திருக்கும். தூரைச் சுற்றி வைக்கோலை இரண்டு அங்குலம் பரப்பினால் தெறிப்பு நிற்கும்.

பங்குனியில் இரவு வெப்பம் ஏறிப் பனி தணியும், ஆனால் அதே வெப்பத்தில் தக்காளியின் மகரந்தம் கெடத் தொடங்கும். இரவு 15 முதல் 21 டிகிரி வரை இருக்கும்போதுதான் காய் நன்றாகப் பிடிக்கும். பங்குனி நடுவில் பூ உதிர்ந்தால் உரம் வைத்துப் பயனில்லை. இருக்கும் காயைப் பறித்துக்கொண்டு, அந்தப் பாத்தியில் கொத்தவரையோ தண்டுக்கீரையோ விதைத்துவிடலாம்.