கணினிப்புழு: சொல்லும் பொருளும்

மட்டக்களப்பு நகரில் போட்டோக்கொப்பி எடுக்கும் கடையொன்றில் மாணவர் ஒருவர் தம் பென்டிரைவைக் கொடுக்கிறார். கணினியில் செருகியதும், உள்ளே இருந்த கோப்புறைகள் மறைந்து, அவற்றின் பெயரிலேயே மூலையில் சிறு அம்புக்குறி இட்ட குறுக்குவழிகள் மட்டும் தெரிகின்றன. “வைரஸ் ஏறிற்று” என்கிறார் கடைக்காரர். பேச்சுக்கு அது போதும். ஆனால் அங்கு நேர்ந்திருப்பதற்குப் பெரும்பாலும் பொருந்தும் சொல் ‘புழு’ என்பதாகும்.

வைரஸ், அதாவது நச்சுநிரல், இன்னொரு கோப்பில் ஒட்டிக்கொண்டு, அக்கோப்புத் திறக்கப்படும்போது பரவுவது. புழுவோ தானே முழுமையான ஒரு நிரல். ஒட்டுவதற்கு வேறு கோப்பு அதற்குத் தேவையில்லை, தன்னைத் தானே பிரதியெடுத்து அடுத்த கணினிக்குப் போய்விடும்.

இப்பெயரின் பிறப்பு சுவையானது. 1975 இல் வெளிவந்த ஜோன் பிரன்னரின் அறிவியற் புனைகதையில், வலையமைப்பில் ஊர்ந்து திரியும் நிரல் ‘நாடாப்புழு’ எனப்பட்டது. அதிலிருந்தே செரொக்ஸ் ஆய்வு மையத்தின் ஜோன் ஷொக், ஜோன் ஹப் ஆகிய இருவரும் 1982 இல் வெளியிட்ட கட்டுரைக்குச் சொல்லை எடுத்தனர். அவர்களுடைய புழு தீயதன்று. இரவில் சும்மா கிடக்கும் கணினிகளைத் தேடிப் பிடித்து வேலை வாங்குவதற்காக எழுதப்பட்டது. ஆயினும் ஓர் இரவு அதை ஓடவிட்டுச் சென்றவர்கள், காலையில் வந்து பார்த்தபோது பல கணினிகள் செயலிழந்து கிடந்தன. தீங்கின் அடையாளமாக இச்சொல் ஊன்றியது, 1988 நவம்பர் 2 ஆம் திகதி வெளியான மொறிஸ் புழு இணையத்தைத் திணறடித்த பின்னரேயாகும்.

தமிழில் சிலர் ‘கிருமி’ என்றும் எழுதுகின்றனர். வடமொழியில் கிருமி என்பது புழுவையே குறிப்பினும், நம்மிடையே அது நோய்க்கிருமியாகப் பொருள் மாறிவிட்டதால் இங்கு குழப்பமே தரும். ‘புழு’ என்பதே தகும் என்பது என் எண்ணம், ஏனெனில் அதனுடன் ‘புழுத்தல்’ என்ற வினையும் வருகிறது. மூடை அரிசி புழுத்துப்போயிற்று என்னும்போது, ஒன்று பலவாகி எங்கும் பரவிய நிலை அந்த ஒரே வினையில் அடங்கிவிடுகிறது.

புழு நுழைவது பெரும்பாலும் இயங்குதளத்தின் அடைக்கப்படாத ஓட்டைகளூடாகவே. 2008 இன் கொன்ஃபிக்கர், 2017 மே மாதத்தின் வன்னகிரை ஆகிய புழுக்கள் பயன்படுத்திய ஓட்டைகளுக்கு மைக்ரோசொஃப்ட் முன்னரே திருத்தம் வெளியிட்டிருந்தது. நிறுவாதவர்களே பெரிதும் அகப்பட்டனர். கொன்ஃபிக்கர் இலகுவான கடவுச்சொற்களை ஊகித்தும், பென்டிரைவ் வழியாகவும் பரவியது.

ஆகவே நீக்கும்போது முதலில் வலையமைப்பு வடத்தைக் கழற்றி, வைஃபையையும் நிறுத்த வேண்டும். பின்னர் சுத்தமான வேறொரு கணினியில் பதிவிறக்கிய புதிய வைரஸ் எதிர்ப்பு மென்பொருளைக் கொண்டு முழுமையாகச் சோதித்து, திருத்தங்களை நிறுவி, கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும். குறுக்குவழிகளைச் சொடுக்கக் கூடாது. மாணவரின் கோப்புறைகள் பெரும்பாலும் அழியாமல் மறைக்கப்பட்டே இருக்கும் என்பதால் பென்டிரைவை அவசரப்பட்டு ஃபோர்மட் செய்யவும் வேண்டாம். கடையிலுள்ள எல்லாக் கணினிகளும் துப்புரவாகும்வரை ஒன்றையேனும் வலையமைப்பில் மீண்டும் இணைத்தலாகாது. மூன்றில் இரண்டை மட்டும் சுத்தம் செய்து இணைத்தால், மூன்றாவது அவ்விரண்டையும் மாலைக்குள் மறுபடி புழுத்துப்போகச் செய்துவிடும்.