பீலித் தொட்டியும் வைரசுக் கணக்கும்

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார்: “கணவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, மருந்து எடுக்கிறார். இப்போது வைரசு தெரியவில்லை என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். குணமாகிவிட்டதா? எனக்குத் தொற்றுமா?”

குணமாகவில்லை. ஆனால் அந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவால் உங்களுக்குத் தொற்றாது.

லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் கொட்டும் குழாய்தான் பீலி. அந்தப் பீலிக்கரையில் அடியில் ஓட்டை விழுந்த தொட்டியொன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வரும் தண்ணீரும் போகும் தண்ணீரும் சமமென்றால் மட்டம் அசையாது. ஏதோ தேங்கிக் கிடப்பதுபோலத் தோன்றும். எச்.ஐ.வி.யும் அப்படித்தான் ஏமாற்றியது. ஆண்டுக்கணக்கில் நோய்க்குறி இல்லை, குருதியில் வைரசு அளவும் பெரிதாக மாறவில்லை. ஆகவே அது உறங்குகிறது என்று பலர் நம்பினார்கள்.

பீலியை அடைத்துப் பார்த்தால்தான் ஓட்டையின் வேகம் தெரியும். 1995இல் அமெரிக்க ஆய்வாளர்கள் டேவிட் ஹோ, ஜோர்ஜ் ஷோ ஆகியோரின் குழுக்கள் அதைத்தான் செய்தன. புதிய மருந்தால் வைரசு உற்பத்தியை நிறுத்தியதும், ஏறக்குறைய இரண்டே நாளில் அளவு பாதியானது! அடுத்த ஆண்டு கணக்கிட்டபோது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கோடி வைரசுகள் பிறந்து அழிவது தெரிந்தது. உறக்கமல்ல, ஓயாத போர். எனக்குத் தெரிந்த அறிவியல் சோதனைகளில் இதைவிட அழகானது இல்லை.

இன்றைய மாத்திரைகள் வைரசு தன்னைப் படியெடுப்பதையும், அந்தப் படி நமது மரபணுவுக்குள் நுழைவதையும் தடுக்கின்றன. பீலி அடைபட்டால் தொட்டி தானாக வற்றும். பெரும்பாலானோருக்கு ஆறு மாதத்துக்குள் ஒரு மில்லிலீற்றர் குருதியில் 200 வைரசுப் பிரதிகளுக்குக் கீழே இறங்கிவிடும். 2016இலும் 2019இலும் வெளிவந்த பார்ட்னர் ஆய்வுகளில், இப்படிக் கட்டுப்பட்டிருந்தவர்களிடமிருந்து ஆணுறையில்லாத உறவால் துணைவருக்குத் தொற்றியது ஒருமுறைகூட இல்லை.

அப்படியானால் ஏன் குணமில்லை? சிடி4 எனும் நோயெதிர்ப்புக் கலங்கள் சிலவற்றுக்குள் வைரசின் மரபணு உண்மையாகவே உறங்குகிறது. மருந்துக்கு அது தெரியாது. அந்த இருப்பு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 44 மாதங்கள் ஆகும். மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில் பீலி மறுபடி திறந்துகொள்ளும். மாத்திரையை விட்டுவிட்டு மந்திரித்த நூல் கட்டச் சொல்பவர்கள் மீது எனக்குத் தீராத கோபம் அதனால்தான்.

தொற்றிய முதல் வாரங்களில் ஒரு மில்லிலீற்றர் குருதியிலேயே வைரசு இலட்சக்கணக்கில் பெருகும். பிறருக்குத் தொற்றும் ஆபத்தும் அப்போதே மிக அதிகம். அந்த உறங்கும் இருப்பு நிரம்பத் தொடங்குவதும் அப்போதுதான். மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் இருப்பு சிறிதாகவே நிற்கும். கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தி ஒரு நாள் பேரை, அதாவது நாட்கூலியை, இழக்காமல் பரிசோதனைக்குப் போய்வர வழி செய்வதற்கே முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

சகோதரி, அடுத்த கிளினிக் நாளில் “தெரியவில்லை” என்பதோடு திரும்பாதீர்கள். எத்தனை பிரதிகள் என்று கேட்டு, திகதியோடு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.